மூன்றாவது குழலின் தூசி

மகள் என்னிடம் போனில் பேசினால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. அன்று ஒன்பது நிமிடம் பேசினாள். அதில் "மாமா" என்று பதினொரு முறை சொன்னாள். "அப்பா" இரண்டு முறை: எடுத்தவுடன் ஒன்று, வைப்பதற்கு முன் ஒன்று. எண்ண வேண்டும் என்று நான் உட்காரவில்லை. முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவனுக்கு எண்ணிக்கை தானாக ஓடும். மாடிப்படி ஏறினால்கூட ஓடும். எங்கள் வீட்டுக்குப் பத்தொன்பது படி.

மாமா என்றால் அவளுடைய மாமனார், எனக்குச் சம்பந்தி. கொட்டாம்பட்டியில் விவசாயம். ஒரு டிராக்டர், ஒரு டில்லர், ஒரு கதிரடிக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அதைக் குத்திக்காட்டுவதற்காக நான் எழுதவில்லை. ஆனால் எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை.

ஒன்பது நிமிடமும் பேசியது என் காரைப் பற்றி. என் காராக இருந்ததைப் பற்றி என்று சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடம் கோரிப்பாளையத்தில் எங்கள் சந்துக்குள் அதை நான் நிறுத்தி எடுத்தேன். ஒருமுறை வெளியே எடுக்க ஸ்டீயரிங்கை ஏழு தடவை ஒடிக்க வேண்டும். போட்ட ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று நான்கு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன். மகள் அந்தக் காரில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மெக்கானிக்கல் படித்தாள், மேலூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் வாத்தியார் ஆனாள். கல்யாணத்தின்போது, "நகையில ரெண்டு வளையல் குறைச்சுக்கங்கப்பா, காரைக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். அன்று மிகவும் பெருமையாக இருந்தது. கார் போய் நின்றது சம்பந்தியின் டிராக்டர் கொட்டகையில் என்பது பிறகுதான் உறைத்தது.

மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை வருவார். காரில் ஏறினால் முதல் சுங்கச்சாவடிக்குள் தூங்கிவிடுவார். பெண்ணைப் பெற்றவனுக்கு மருமகன்மேல் பொறாமை வரும் என்பார்கள். எனக்கு அவர்மேல் வந்ததில்லை. அவருடைய அப்பாமேல் வந்தது.

அந்தக் கொட்டகையில் மாமனாரும் மருமகளுமாக என் காரின் இன்ஜினைப் பிரித்துப்போட்டிருந்தார்கள். சாதாரணக் காரில் இன்ஜினுக்கு மூச்சு விட ஒரே வாய்தான். ஒரு பெட்டி, அதற்குள் ஒரு ஏர் ஃபில்டர், அதைத் தாண்டி உள்ளே போகும் காற்றை நாலு சிலிண்டரும் பங்கிட்டுக்கொள்ளும். இவர்கள் அந்தப் பெட்டியைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக ஒரு வாய் வைத்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் காற்றைத் திறந்து மூட ஒரு த்ராட்டில். அதன் முனையில் நாதஸ்வரத்தின் அடிவாய் போல விரிந்த ஓர் அலுமினியக் குழல். மிதித்தால் நாலும் ஒன்றாகத் திறக்கும். அதன் சத்தத்தைப் பதிவு செய்து மகள் அனுப்பினாள். என் மனைவி கேட்டுவிட்டு, "தேனீக் கூட்டைக் கலைச்சுட்டாகளா?" என்றாள். நான் அதை ஆறு முறை கேட்டேன். என் கையில் இருந்தவரை அந்தக் கார் ஒருநாளும் அப்படிக் குரல் எடுத்ததில்லை.

மகள் கோயம்புத்தூரில் இருக்கும் பந்தயத் தடத்தில் வருடத்துக்கு இரண்டு முறை ஓட்டுவாள். பரிசுக்காக இல்லை, தன் நேரத்தைத் தானே குறைத்துப் பார்க்க. அடுத்த முறைக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் நாலு குழலுக்கும் ஃபில்டர் முடிவாக வேண்டும். வாயைத் திறந்துவைத்துக்கொண்டு கொட்டாம்பட்டிச் செம்மண்ணில் ஓட்டினால் சிலிண்டர் உள்சுவரை உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். இன்ஜின் போனது போனதுதான். அந்த இன்ஜினுக்கு இனி மாற்று கிடைக்காது.

"ஏர் ஃபில்டர் மட்டும் நீங்க பாத்துச் சொல்லுங்க. மாமாவும் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்காங்க. ரெண்டையும் போட்டுப் பாப்போம்" என்றாள். மூன்று வாக்கியம். போனை வைத்த பிறகு முதல் வாக்கியத்தை மட்டும் மனைவியிடம் சொன்னேன்.

மறுநாளே மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கும் வெர்னியரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சம்பந்தி கொட்டகை வாசலிலேயே நின்றார்.

"வாங்க சம்பந்தி. உங்க காரைக் கெடுத்து வச்சிருக்கோம், வந்து பாருங்க."

உங்க கார் என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரியும். அவர் அதை மரியாதைக்காகச் சொல்கிறார். அதனால்தான் எரியும். எங்க கார் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் சண்டை போட்டு முடித்துக்கொள்ளலாம்.

இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருந்தது. நாலு குழலும் பின்பக்கம், டிரைவர் காலுக்கு முன்னால் இருக்கும் தகரச் சுவரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு குழலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை மூன்று மூன்று முறை அளந்தேன். மூன்று இடத்தில் தொண்ணூறு மில்லிமீட்டர் இருந்தது. மூன்றாவது குழலுக்கு எதிரே பிரேக் எண்ணெய் டப்பாவைத் தாங்கும் இரும்புப் பட்டை துருத்திக்கொண்டிருந்ததால் அங்கே மட்டும் எழுபத்து நான்கு. நான் எழுதிக்கொண்டிருந்தபோது சம்பந்தி அந்த இரும்புப் பட்டைக்கும் குழலுக்கும் நடுவே தன் உள்ளங்கையைச் செருகினார்.

"ஸ்டார்ட் பண்ணி ஒரு மிதி மிதிம்மா."

அவள் மிதித்தாள். அவர் கையை எடுத்து, புறங்கையைப் பார்த்தார். "இன்னொரு மிதி." மறுபடி செருகி, எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார். காருக்கு நாடி பிடிக்கிறார் போல என்று நினைத்து நான் நோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

வீட்டில் மூன்று நாள் கணக்குப் போட்டேன். குழல் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பஞ்சு உறை போடலாம். அது சின்னது, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கம்பி வலை போடலாம். அது கல்லைத்தான் தடுக்கும், மண்ணைத் தடுக்காது. நாலுக்கும் பொதுவாக ஒரே ஃபில்டர் போடலாம். நான் தேர்ந்தெடுத்தது கூம்பு வடிவ ஃபில்டர், குழலுக்கு ஒன்றாக நாலு. எண்ணெய் ஊறிய பருத்தித் துணியை மடிப்பு மடிப்பாக வைத்துச் செய்தது. மடிப்பு இருந்தால் சின்ன இடத்துக்குள் பெரிய பரப்பு கிடைக்கும், பரப்பு கூடினால் காற்றுக்குத் திணறல் இருக்காது. கோரிப்பாளையம் சிக்னலுக்கு அப்பால் இருக்கும் உதிரிபாகக் கடைக்குப் போய், இருந்த எல்லாவற்றையும் கண்ணாடி மேஜைமேல் எடுத்து வைக்கச் சொல்லி, மடிப்புகளை எண்ணினேன். கடைக்கார பாய் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எல்லாமே ஃபேக்டரில எண்ணித்தான் சார் வச்சிருப்பான்."

"அவன் எண்ணினது அவனுக்கு."

"அதுசரி. எம்புட்டு வந்துச்சு?"

"நாற்பத்திரண்டு."

"கம்மியா இருந்தா சொல்லுங்க, ரெண்டு மடிப்பு சேத்துப் போடச் சொல்றேன்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நாலுக்கும் சேர்த்து நூற்று அறுபத்தெட்டு மடிப்பு. வேண்டிய பரப்பைவிட ஒன்றரை மடங்கு. கூம்பின் நீளம் அறுபது மில்லிமீட்டர். மூன்றாவது குழலிலும் பதினான்கு மில்லிமீட்டர் மிச்சம். எல்லாம் மூன்று தாளில், அடிக்கோடு போட்டு.

மனைவி தாள்களைப் பார்த்தாள். "இந்தாங்க, இது காருக்கா, சம்பந்திக்கா?"

"காருக்கு."

"அப்பறம் எதுக்கு இம்புட்டு அழகா எழுதியிருக்கீங்க?"

சம்பந்தி யோசித்து வைத்திருந்தது என்ன என்பது ஆயுத பூஜை அன்று தெரிந்தது. நாலு குழலையும் ஒரே அலுமினியத் தகட்டில் சேர்த்து, அதன்மேல் திண்டு மாதிரி நீளமாக ஒரே ஒரு பஞ்சு ஃபில்டர். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை எண்ணெயில் ஊறவைத்தது போல இருந்தது. தகட்டை அவரே வெட்டி, அரம் போட்டிருந்தார். ஓரங்களைத் தடவிப் பார்த்தேன், எங்கும் பிசிறு இல்லை. அதுவும் பிடிக்கவில்லை.

"அறுவடை நேரத்துல மெஷினு திங்காத தூசி இல்ல சம்பந்தி. சாயங்காலம் கழட்டி, சோப்புத் தண்ணில அலசி, எண்ணெயப் பெசஞ்சு மாட்டிருவேன். மண்ணும் பஞ்சும் பழகிருச்சு" என்றார்.

"மடிப்பு இல்லையே. பரப்பு எவ்வளவுன்னு பார்த்தீங்களா?"

"பாக்கலியே" என்றார் சந்தோஷமாக.

மகள் நடுவில் வந்தாள். "முதல்ல அப்பாது." தானே நாலு கூம்புகளையும் மாட்டி, ரப்பர்க் கழுத்தைச் சுற்றிக் கிளாம்ப் போட்டு முடுக்கினாள். முதல்ல அப்பாது. அந்த இரண்டு சொல்லுக்காக அன்று காலை இன்னும் ஐம்பது கிலோமீட்டர் வந்திருப்பேன்.

டிராக்டர், டில்லர், கதிரடிக்கும் இயந்திரம், தண்ணீர் மோட்டார், இரண்டு பைக், சம்பந்தியம்மாவின் தையல் மெஷின், எட்டாவதாகக் கார். வரிசையாகக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். சம்பந்தி ஒவ்வொன்றுக்கும் திருநீறைக் குழைத்துப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். காருக்குப் பானெட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். துணி மடிப்பில் பட்டால் அடைத்துக்கொள்ளும் என்று நினைத்தோ என்னவோ, கூம்புகளின் ரப்பர்க் கழுத்தில் மட்டும் பட்டை போட்டார். கழுத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு கோடு. என் ஃபில்டருக்கு அவர் கையாலேயே பூசை நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து முடிந்ததும் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். கண்மாய்க்கரை மண் பாதையில் போய், நெடுஞ்சாலை ஏறி, அதே பாதையில் திரும்புவது. நான் முன் சீட்டுக் கதவுக்குக் கையை நீட்டினேன்.

"அப்பா, உங்க இடுப்புக்கு அந்த ரோடு ஆகாது. நீங்க உக்காருங்க. மாமா, ஏறுங்க."

பத்தொன்பது வருடம் நான் உட்கார்ந்த காரில் அவர் ஏறினார். கதவைச் சாத்தும்போது ஒருமுறை மெதுவாகத் தூக்கிச் சாத்த வேண்டும், இல்லையென்றால் பூட்டாது. அதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் தூக்கிச் சாத்திவிட்டார். சம்பந்தியம்மா பொரியும் சுண்டலும் கொண்டுவந்து வைத்தார். நாற்பத்தொரு நிமிடம் காத்திருந்தேன். கண்மாய்ப் பக்கமிருந்து தேனீச் சத்தம் இரண்டு முறை எழுந்து அடங்கியது. அதற்குள் அவர்கள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்ததில் சுண்டல் ஆறிப்போனது.

செக்கச்செவேல் என்று வந்து நின்றார்கள். மகள் முகம் கழுவப் போனாள். சம்பந்தி தண்ணீர் குடிக்கப் போனார். கூம்புகளைக் கழற்றி, குழலின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பது என்று முன்பே பேசி, பழைய வேட்டியில் ஒரே அளவாக நாலு துண்டு வெட்டி வைத்திருந்தோம். "நானே பார்க்கிறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

முதல் துணி வெள்ளை. இரண்டாவது வெள்ளை. மூன்றாவது துணியைச் சுழற்றி எடுத்தபோது அதில் செம்மண் ஒரு விரல் அகலத்துக்கு இழுத்திருந்தது. அதன் நடுவே வெண்மையாகப் பொடி. தொட்டுப் பார்த்தேன். திருநீறு. முன்பே உள்ளே கிடந்த தூசி என்று சொல்ல எனக்கு வழியில்லாமல் போயிற்று. காலையில் கழுத்துக்கு வெளியே பூசியது மத்தியானம் குழலுக்கு உள்ளே இருந்தது.

கழற்றி வைத்த மூன்றாவது கூம்பின் முனையைப் பார்த்தேன். நசுங்கியிருந்தது. இன்ஜின் ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மிதித்தால் பின்னால் சாயும். சாயும்போது கூம்பு அந்த இரும்புப் பட்டையில் முட்டி, கழுத்து ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது. பதினான்கு மில்லிமீட்டர் சரியான அளவுதான், இன்ஜின் ஓடாமல் நிற்கும்வரை. பன்னிரண்டு முறை அளந்தவன் ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யச் சொல்லவில்லை. உள்ளங்கையைச் செருகியவருக்கு அது அன்றே தெரியும்.

குழாயடியில் மகள் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது. மூன்றாவது துணியை நாலாக மடித்துப் பைக்குள், கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்தேன். நான்காவது குழலைத் துடைத்தேன், வெள்ளை. கூம்புகளை நானே திரும்ப மாட்டினேன். காட்டுவதற்கு நாலு துணி வேண்டும். இரண்டாவதை நடுவில் கிழித்தேன்.

மகள் ஈரக் கையோடு வந்து துணிகளைப் பார்த்தாள். "எல்லாம் க்ளீனாப்பா?"

"நீயே பாரு."

அவள் என் தோளைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. "அப்ப கோயம்புத்தூருக்கு இதுதான்" என்றாள். சம்பந்தி சொம்போடு வந்து நின்று, பானெட் விளிம்பில் பரப்பியிருந்த துணிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு சம்பந்தி. உங்க கணக்கு தப்புமா?" என்றார். தன் திண்டை எடுத்துக்கொண்டுபோய்ப் பரணில் வைத்தார். சாப்பாட்டில் எனக்கு இரண்டாவது வடை அவரே எடுத்து வைத்தார்.

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பை மடியில் இருந்தது. கருங்காலக்குடி வரை நான் ஜெயித்தவனாகவே வந்தேன். அங்கே ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. எல்லோருடைய தலையும் ஒன்றாகப் பின்னால் சாய்ந்து முன்னால் வந்தது. அதன் பிறகு வேறு எதையும் நினைக்க முடியவில்லை. தடத்தில் அவள் விடாமல் மிதிப்பாள். ஒவ்வொரு மிதிக்கும் கழுத்து தூக்கும். ஒவ்வொரு தூக்கலுக்கும் கொஞ்சம் மண். எத்தனை சுற்று, சுற்றுக்கு எத்தனை மிதி என்று தலை தானாகப் பெருக்க ஆரம்பித்தது. மேலூரில் பஸ் எட்டு நிமிடம் நின்றது. போனை இரண்டு முறை வெளியே எடுத்தேன். சொல்லிவிட்டால் ஃபில்டர் மட்டும் போகாது. துணியை மறைத்ததும் தெரியும். தோளைப் பிடித்து ஆட்டியதும் அதோடு போய்விடும். பரணிலிருந்து திண்டு இறங்கும். அந்த மனிதர் ஒன்றும் சொல்லாமல், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அதை மாட்டுவார். இரண்டு முறையும் போனை உள்ளே வைத்தேன்.

பஸ் கிளம்பியது. பைக்குள் கை விட்டால் துணி விரலில் பட்டது. ஒத்தக்கடையில் யானைமலை முழுதாகத் தெரியும் இடத்தில், போனை எடுத்தேன்.

"அம்மா, அந்த ஃபில்டரோட ஓட்டாத. கழட்டிரு."

"கழட்டியாச்சுப்பா."

"எப்ப?"

"நீங்க பஸ் ஏறுன உடனே. மாமா திண்டை மாட்டிட்டாங்க. ஓட்டியும் பாத்துட்டோம், நாலும் வெள்ளை."

கண்டக்டர் என்னைத் தாண்டிப் போனார்.

"சம்பந்திக்கு எப்படித் தெரியும்?"

"துணிய எண்ணுனாங்களாம். நாலு இருந்துச்சு, ஆனா ரெண்டு பாதியா இருந்துச்சுன்னாங்க."

அவரும் எண்ணுவார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் அது ஒன்றுதான் தனியாக இருந்தது.

"அப்ப அங்கயே கேட்டிருக்கலாம்ல?"

"நான் கேக்கத்தான்ப்பா வந்தேன். மாமாதான் வேணாம்னுட்டாங்க. அவரு கார், அவருக்குப் பொறுக்காது, அவரே கூப்பிட்டுச் சொல்லுவாருன்னாங்க. மேலூர் தாண்ட மாட்டாருன்னாங்க."

"மேலூர்னா சொன்னார்?"

"ஆமா."

"நான் ஒத்தக்கடையில இருக்கேன்னு சொல்லு."

அவள் போனை விலக்கிப் பிடித்துச் சொல்வது கேட்டது. தூரத்தில் டிராக்டர் கொட்டகையின் தகரக் கூரையில் எதிரொலித்துக்கொண்டு சம்பந்தியின் குரல் வந்தது.

"ஒத்தக்கடையா? பரவால்லயே. அம்புட்டுத் தூரம் தாங்கிட்டாரா மனுசன்."

பிறகு சிரிப்பு. இரண்டு பேருடைய சிரிப்பு. அதில் எது மகளுடையது என்று பிரித்துக் கேட்கப் பார்த்தேன். பஸ் ஹாரன் அடித்தது.